அண்டாவில் மிதந்த கப்பல்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற கப்பலை எதற்குத் தண்ணீரில் விட வேண்டும் என்று கேட்காதவர்கள் கூத்தாநல்லூரில் எங்கள் தெருப்பக்கம் யாருமே இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். கேட்ட எல்லோருக்கும் லாத்தா சொன்ன பதில் ஒன்றுதான்.

"மிதக்காட்டி அதுக்குப் பேரு கப்பல் இல்ல, மரக்கட்டை. மரக்கட்டை வேணும்னா மரவாடியில போயி வாங்கிக்கங்க."

லாத்தா என்றால் அக்கா. எனக்கு அவர் சொந்தமில்லை. நாங்கள் வேறு மதம், வேறு தெரு. ஆனால் அந்த வட்டாரத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் கப்பல் லாத்தாதான். அவர் மவுத்தாகி, அதாவது இறந்துபோய், நாலு வருஷமாகிறது. இன்றைக்கும் யாராவது என் தையல் கடைக்கு வழி கேட்டால் "கப்பல் லாத்தா இருந்த மாடி" என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு கப்பல் முடிந்ததும், எண்ணெய் பூசுவதற்கு முன்னால், கல்யாணச் சமையல் பண்டாரியிடம் பிரியாணி அண்டாவைக் கேட்டு ஆள் அனுப்புவார். பண்டாரி அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புலம்பிக்கொண்டே வருவார்.

"லாத்தா, நாளைக்கு நிக்காஹ் சோறு ஆக்கணும் இதுல. மரத்தூள் வாசம் வந்துச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் சட்டையத்தான் புடிப்பாங்க."

"கப்பல் குளிச்ச அண்டான்னு சொல்லு. இன்னொரு சஹன் சோறு கேப்பாங்க."

அண்டாவில் முக்கால் பாகம் தண்ணீர். கப்பலை இரண்டு கையாலும் ஏந்தி இறக்குவார். பிறகு அண்டா விளிம்பில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குர்ஆனில் யாசீன் ஓதி முடிக்கிற நேரம். அவர் உதடு அசையும். அதுவரை யாரும் பேசக்கூடாது. சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஓதி முடிக்கும்போது கப்பல் ஒரு பக்கமும் சாயாமல் நின்றால் அது விற்பனைக்கு. விரல் அகலம் சாய்ந்திருந்தாலும் பிரித்துவிடுவார்.

ஒருமுறை துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இரண்டு மாத வேலை. அண்டாவில் இறக்கினால் லேசாக வலப்பக்கம் சாய்கிறது.

"பரவால்ல லாத்தா, அலமாரியில நேராத்தானே நிக்கும்?"

"பத்து நாள் கழிச்சு வாங்க."

"நாளைக்கு ஃப்ளைட்டு லாத்தா."

"அப்ப அடுத்த லீவுக்கு வாங்க."

கப்பலைக் குழந்தையைப்போல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வேறு யாரிடமாவது போய்விடுவாரே, லாத்தாவுக்கு வேலை வராதே, அவருக்கு வராவிட்டால் எனக்கும் கப்பலுக்குப் பாய் தைக்கிற வேலை போய்விடுமே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த லீவுக்கு அவர் வந்தார், வாங்கிக்கொண்டும் போனார். நான் கவலைப்பட்டது வீண்தான். ஆனால் என் கவலைகளில் பாதி வீண் என்று தெரிந்தும் மீதிப் பாதி எது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்ததில்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஜாக்கெட் தைக்கிறவள். எட்டாவதில் அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஃபெயில் ஆகிவிடுவோம் என்ற பயம். எழுதியிருந்தால் பாஸா, ஃபெயிலா என்று இன்றுவரை தெரியாது. இதை ஒருநாள் லாத்தாவிடம் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுதிட்டுப் பயந்திருக்கலாமே புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஏனோ அன்று முழுக்க அழுகை அழுகையாக வந்தது.

அவருக்கு நான் முதல்முதலாகத் தைத்துக் கொடுத்த பாயை அவர் கிழித்தே போட்டார். பொருட்காட்சியில் பார்த்த கப்பல்களை மனதில் வைத்துக்கொண்டு, துணிக்குக் கஞ்சி போட்டு, ஓரத்தில் கம்பி கோத்து, காற்று நிறைந்தது போல உப்பலாகத் தைத்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. லாத்தா என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார்.

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

"அடிக்கவே இல்லையே லாத்தா."

"பின்ன உன் பாய் மட்டும் ஏன் மாசமா இருக்கு?"

அதன் பிறகு அவர் கப்பல்களில் பாய் சுருட்டிக் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் துவண்டு தொங்கும். துணி காயப் போட்டது மாதிரி இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் குறைப்படுவார்கள். வீட்டுக்குள் வைக்கிற கப்பலுக்கு வீட்டுக்குள் அடிக்கிற காற்றுதான் என்று சொல்லிவிடுவார்.

பாயாவது கண்ணுக்குத் தெரியும். கப்பல் நேராக நிற்க அதன் வயிற்றில் பாரம் வேண்டும் என்று மணல் மூட்டைகள் தைக்கச் சொல்வார். கட்டைவிரல் நகத்தளவு மூட்டை, ஒரு கப்பலுக்கு அறுபது எழுபது. நெல்லுச் சாக்குக்கு வாய் தைப்பதுபோலவே, அதே தையலில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது விட்டுத் தைக்க வேண்டும். மேல்பலகை அடித்து மூடிவிட்டால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

"யாரும் பாக்க மாட்டாங்களே லாத்தா."

"ஏன், நான் பாத்தேன்ல?"

இந்த வேலையை அவர் எங்கே கற்றார் என்பதற்குத் தெருவில் பல கதைகள் உண்டு. அவர் சொன்னது இது. கணவர் இறந்த பிறகு குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். கத்தாமா என்பார்கள் அந்த வேலையை. அந்த வீட்டுக்குப் பின்னால் மரக்கப்பல் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. "கூட்டிப் பெருக்கத்தான் உள்ள விட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லித் தரல. கோணலாப் போச்சுன்னு குப்பையில போடுற கப்பலை எடுத்து வந்து, ரூம்ல வச்சுப் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பேன். எட்டு வருசம் கோணக் கப்பலாவே பாத்தேன் புள்ள. அதனாலதான் எனக்கு நேர்க்கப்பல் தெரியும்."

அங்கேயிருந்து திரும்புகிறவர்கள் பெட்டி திறக்கும்போது வீடே கூடி நிற்கும். செண்ட், தைலம், பேரீச்சம்பழம், பெரிய புலிப் படம் போட்ட போர்வை. லாத்தாவும் ஒரே ஒரு புலிப் போர்வை கொண்டு வந்து அண்ணனுக்குக் கொடுத்தாராம். மிச்சப் பெட்டி முழுக்க உளி, அரம், கைத்துளைப்பான், சின்னச் சின்ன ரம்பம். ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். "தங்கம் கொண்டாந்தவங்களை எல்லாம் விட்டுட்டு இரும்பு கொண்டாந்தவளை நிறுத்தி வச்சாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் இருந்த கொட்டகைதான் அவருடைய பட்டறை. அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைக்குச் சோறு போட்டார், தங்கை மகளைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் பெண்பிள்ளை சுத்தியல் அடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "என்ன, வீட்டுல தச்சு வேலை நடக்குதா?" என்று கேட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் லாத்தா, "நடக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே நானா?" என்பார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூர் லாட்ஜ்காரர் வந்தார். புதிதாக லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் வைக்க அஞ்சு அடி நீளத்தில் சோழர் கப்பல் வேண்டும் என்றார். அதுவரை லாத்தா செய்ததில் பெரியதே இரண்டடிதான். நான் பாய் அளவு கேட்பதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"சோழர் கப்பலை யாரு பாத்தா?" என்றார் லாத்தா.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? படமே இருக்கு." செல்போனை நீட்டினார்.

லாத்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இந்தச் சைடுல வரிசையா சதுரம் சதுரமா இருக்கே, என்னது இது?"

"ஜன்னலா இருக்கும்."

"பீரங்கி வைக்கிற ஓட்டைங்க. இது வெள்ளைக்காரன் கப்பல். கொடியில மட்டும் புலி போட்டு வச்சிருக்கான். சோழ ராஜா காலத்துல பீரங்கி ஏதுங்க?"

லாட்ஜ்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். "யாரும்மா அதெல்லாம் பாக்கப் போறா? கொடியில புலி இருந்தா சோழர் கப்பல்."

"புலிதான் வேணும்னா எங்க நானா வீட்டுல போர்வையில இருக்கு. எடுத்துத் தரச் சொல்லவா?"

இவ்வளவு பெரிய வேலையை வாயால் விரட்டுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் விரட்டவில்லை. இந்தக் கரையில் நிஜமாக ஓடிய கப்பல் ஒன்று செய்து தருகிறேன் என்றார். நாகப்பட்டினத்திலிருந்து கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போய்வந்த பாய்மரத் தோணி. லாட்ஜ்காரர் அரை மனதாகத் தலையாட்டினார்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், அவர் போனதும் வெளியே வந்தார்.

"இதுதான் கடைசி. இந்தக் கப்பல் தஞ்சாவூர் போயிச் சேந்துச்சுன்னா கொட்டகை உனக்கு, நான் வாயத் தொறக்க மாட்டேன். சேரலைன்னா செல்போன் சர்வீஸ்காரனுக்கு வாடகைக்கு விட்டுருவேன். அவன் மூணு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கான்."

"சேரும் நானா."

தோணிக்கு அளவு எடுக்க நாகப்பட்டினம் போனோம். என் டெய்லர் டேப்பைத்தான் எடுத்துக்கொண்டார். கரையில் பழைய தோணி ஒன்று மணலில் புதைந்து, ஒரு பக்கப் பலகை போய், விலா எலும்பு தெரியக் கிடந்தது. நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் முதல் அளவு தப்பாகவே வந்தது. நினைத்தபடியே ஒரு காவல்காரர் வந்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"அளவு எடுக்குறோம்."

"எதுக்கு?"

"சட்டை தைக்க. பாருங்க, ஒரு பக்கம் கிழிஞ்சு கிடக்குல்ல."

காவல்காரர் தோணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு அவரே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மாமனார் தோணியில் போனவராம்.

ஆறு மாதம் ஆனது. நான் நூற்றிருபது மணல் மூட்டை தைத்தேன். தோணி முடிகிற சமயத்தில் லாட்ஜ்காரர் என் கடைக்கு மாடியேறி வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் பித்தளையில் ஒரு புலி. தஞ்சாவூர்த் தட்டு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் செய்தது, உள்ளங்கை அகலம், நல்ல கனம். கொட்டகை பற்றி அண்ணன் போட்ட நிபந்தனை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"இதுக்குச் சிவப்புத் துணியில ஒரு கொடி தைச்சு, நீங்க சுருட்டிக் கட்டுற பாய்க்குள்ளயே வச்சிருங்கம்மா. அங்க வந்ததும் நானே பிரிச்சு மேல ஏத்திக்கிறேன். அந்தம்மாவுக்குத் தெரியவே வேணாம். அவங்க கொட்டகை அவங்களுக்கு, என் புலி எனக்கு. எல்லாருக்கும் நல்லதுதானே?"

எல்லாருக்கும் நல்லதுதான் என்று எனக்கும் பட்டது. மூன்று நாள் யோசித்தேன். வைகாசியில் லாட்ஜ் திறப்பு. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாளிருக்கிறது. வாய்க்கால் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அஞ்சடித் தோணி எந்த அண்டாவிலும் கொள்ளாது. ஆக இந்த ஒரு கப்பல் மட்டும் தண்ணீரைப் பார்க்காமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பாய் கட்டுகிற அன்று, லாத்தா மதிய லுஹர் தொழப் போயிருந்த நேரத்தில், பாயைத் தாங்கும் நீளக் கழியின் இடப்பக்க நுனியில் புலியை வைத்துக் கொடியால் சுற்றி, மேலே பாயைச் சுருட்டிக் கட்டினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் தையல் அவ்வளவு சுத்தம்.

மறுநாள் காலையில் வேன் வந்து நின்றது. லாட்ஜ்காரரும் வந்திருந்தார். லாத்தா தோணியைக் கொடுக்கவில்லை.

"தண்ணியில விடாம எப்படிங்க தர்றது?"

"எங்கம்மா இருக்கு தண்ணி?"

லாத்தா என் பக்கம் திரும்பினார். "புள்ள, உங்க தெரு அண்ணன் வயல்ல பம்புசெட்டுத் தொட்டி ஒண்ணு இருக்குல்ல? ஆறடி இருக்கும்னு நீதானே சொன்னே?"

நான்தான் சொல்லியிருந்தேன். எப்போதோ, வேறு எதற்கோ.

அதே வேனில் தோணியை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனோம். லாத்தாவின் அண்ணன் வந்தார். பண்டாரி தன் அண்டாவுக்கு விடுதலை கிடைத்ததைப் பார்க்க வந்தார். தெருவில் பாதி வந்தது. வயல்கார அண்ணன் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு, "நாத்தங்காலுக்குப் பாயணும் லாத்தா, கப்பலைச் சீக்கிரம் கரையேத்துங்க" என்றார்.

நாலு பேர் பிடித்துத் தோணியை இறக்கினார்கள். கையை எடுத்ததும் அது மெதுவாக, தூக்கத்தில் தலை சாய்வதுபோல, இடப்பக்கம் சாய்ந்தது. விரல் அகலமில்லை, ஒரு சாண்.

யாரோ சிரித்தார்கள். லாத்தா தொட்டிக்குள் இறங்கினார். மேல்பலகையில் விட்டிருந்த சின்ன மூடியைத் திறந்து, கைவிட்டு, மணல் மூட்டைகளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினார். மறுபடியும் சாய்ந்தது. இன்னும் பத்து மூட்டையை மாற்றினார். சாய்ந்தது.

"போதும், மேல வா. ஊரே பாக்குது" என்றார் அண்ணன்.

லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "சாஞ்சா என்னம்மா, நான் எடுத்துக்கிறேன். அங்க ஸ்டாண்டுலதான் நிக்கப் போகுது" என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தோணி போய்விடும். கொட்டகை தங்கிவிடும். அது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

"சாஞ்சதைத் தர மாட்டேன்" என்றார் லாத்தா. "எங்கயோ தப்பு பண்ணிட்டேன். பிரிச்சாத்தான் தெரியும். அந்த உளியை எடு புள்ள."

என்னிடம்தான் கேட்டார். ஆறு மாதம். அவர் நீட்டிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரிக்காதீங்க லாத்தா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை, கத்தியே சொல்லிவிட்டேன். "நீங்க தப்பு பண்ணல. பாய்க்குள்ள இருக்கு. நான்தான் வச்சேன்."

லாத்தா கழியை இறக்கி, என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சிவப்புத் துணி விரிந்தது. புலி வெயிலில் பளபளத்தது. அதைத் தொட்டிக் கட்டையில் வைத்துவிட்டு, மாற்றிய மூட்டைகளை எல்லாம் பழைய இடத்திலேயே வைத்து, பாயைச் சுருட்டிக் கட்டி, கையை எடுத்தார்.

தோணி நிமிர்ந்தது.

லாத்தா தொட்டி விளிம்பில் தாடையை வைத்தார். ஒரு கண்ணை மூடினார். உதடு அசைய ஆரம்பித்தது. லாட்ஜ்காரர் வாட்சைப் பார்த்தார், ஆனால் பேசவில்லை. வயல்கார அண்ணன் நாற்றங்காலை மறந்துவிட்டு நின்றார்.

யாசீன் முடிந்ததும் லாத்தாவின் அண்ணன்தான் முதலில் பேசினார். "நேரா நிக்குதுல்ல? குடுத்தனுப்பு."

லாட்ஜ்காரர் புலியை எடுத்துத் துடைத்தார். "கொண்டு போறேம்மா. இதை அங்க போயி மாட்டிக்கிறேன். அங்க ஏது தண்ணி?"

"தண்ணி இல்லங்குறது உங்களுக்குத் தெரியும். கப்பலுக்குத் தெரியாது."

"புலி இல்லாம எனக்கு வேணாம்மா. சோழர் கப்பல்னு கல்வெட்டுல கூட எழுதியாச்சு."

"எங்க நானா கொட்டகையை விட்டு எறக்கப் போறாரு, தெரியும். ஊரு சிரிக்கும், அதுவும் தெரியும். அதுக்காக நேரா நிக்கிறதைச் சாச்சுக் குடுக்கணுமா? முடியாதுங்க. நீங்க வெறும் வேனாவே போயிட்டு வாங்க."

அவர் போனார். புலியைத் தொட்டிக் கட்டையிலேயே விட்டுவிட்டுப் போனார். இப்போது அது என் கடையில் இருக்கிறது. வெட்டுகிற துணி பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைப்பேன். தோணி என் அறைப் பரணில் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் விற்பதற்கில்லை என்று சொல்ல எனக்கு இப்போதெல்லாம் யோசனை தேவைப்படுவதில்லை.

அன்று மாலையே அண்ணன் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். இனி லாத்தா என் முகத்தில் விழிக்க மாட்டார், அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே விடியக் கடை திறந்தேன். படியில் ஏதோ இடிபடுகிற சத்தம். பண்டாரி பட்டறை மேசையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புலம்பிக்கொண்டே ஏறி வந்தார். பின்னால் லாத்தா, உளிப்பெட்டியோடு. மூச்சு வாங்கியது. அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உன் மெஷினைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்து புள்ள."

"லாத்தா... கீழ வீட்டுக்காரரு மெஷின் சத்தத்துக்கே தெனம் சண்டைக்கு வர்றாரு. சுத்தியல் சத்தம் கேட்டா ரெண்டு பேரையும் காலி பண்ணச் சொல்லிருவாரு. எனக்குப் பயமா இருக்கு லாத்தா."

"மொதல்ல நகத்து. அப்பறம் பயப்படு."

மெஷினைத் தள்ளினேன். அதன் இரும்புக்கால் தரையில் கிறீச்சென்று இழுத்தது. கீழே வீட்டுக்காரர் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "மேல என்னம்மா அங்க?" என்று அவர் குரல்.

இன்னும் ஓரடி தள்ளினேன்.